எண்ணியது யார்?



இதழியல் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சொந்தமாக இணைய இதழ் நடத்துகிறவர்கள் சிலரையும் இங்கே பார்க்கிறேன். கடைக்கோ கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ விளம்பரம் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். எழுதுகிறவர், வெளியிடுகிறவர், விளம்பரம் தருகிறவர் என்ற இந்த மூன்று தரப்பையும் இன்று ஆட்டிப்படைப்பது ஓர் எண். அந்த எண்ணைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் தளத்தை மாதம் பத்து லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்கிறார் ஒருவர். உங்கள் விளம்பரம் ஐந்து லட்சம் தடவை காட்டப்பட்டது என்கிறார் இன்னொருவர். அந்த எண்ணை நம்பிப் பணம் கைமாறுகிறது. அந்த எண்ணைப் பார்த்து ஆசிரியர் தலைப்பை மாற்றுகிறார். அந்த எண் குறைந்துவிட்டது என்று ஒரு பகுதியை நிறுத்துகிறார்கள், அதை எழுதிக்கொண்டிருந்தவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்படியானால் நாம் கேட்க வேண்டாமா? எதை எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்? எண்ணியது யார்? மூன்றிலும் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். இன்றைய பேச்சின் பொருளும் அதுதான்.

அச்சுக் காலத்திலிருந்து தொடங்குகிறேன். பத்திரிகை நடத்துகிறவர் தன் இதழ் இத்தனை ஆயிரம் பிரதிகள் விற்கிறது என்பார். விளம்பரம் தருகிறவர் நம்பமாட்டார். நம்பாததற்கு அவருக்கு நியாயமும் இருந்தது, ஏனென்றால் அச்சடித்ததையெல்லாம் விற்றதாகச் சொல்லும் வழக்கம் உலகம் முழுக்க இருந்தது. 1914-இல் அமெரிக்காவில் விளம்பரதாரரும் ஏஜென்சிகளும் பதிப்பாளரும் சேர்ந்து ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இந்தியாவில் அதே பெயரில், அதே நோக்கத்தில் 1948-இல் ஓர் அமைப்பு வந்தது. நம் தமிழ்ப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் ஏபிசி சான்றிதழைத் தருவது அதுதான். தணிக்கையாளர் வந்து என்ன பார்ப்பார்? எத்தனை பிரதி அச்சானது, ஏஜென்டிடமிருந்து எத்தனை விற்காமல் திரும்பியது, எத்தனைக்குப் பணம் வந்தது என்று கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண் வெளியாகும்.

இதில் ஒரு நீதி இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருடைய எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விற்கிறவரே கல்லையும் செய்து, அவரே முத்திரையும் குத்திக்கொள்ள யாரும் விடுவதில்லை.

வானொலிக்கும் இதே சிக்கல் வந்தது. காற்றில் போகும் ஒலியை யார் கேட்டார்கள் என்று எப்படி அறிவது? அமெரிக்காவில் ஆர்தர் நீல்சன் 1936-இல் ஆடிமீட்டர் என்ற கருவியின் உரிமையை வாங்கினார். வானொலிப் பெட்டி எப்போது ஓடியது, எந்த நிலையத்தில் நின்றது என்பதை அது பதிவுசெய்யும். சில வீடுகளில் அதைப் பொருத்தி, அந்த வீடுகளை வைத்து நாட்டையே கணக்கிட்டார்கள். தொலைக்காட்சி வந்தபோது அதே முறை அங்கேயும் போனது. போகப்போக இந்த ரேட்டிங் எண்களின் மேல் சந்தேகம் வளர்ந்தது. 1963-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓரன் ஹாரிஸ் தலைமையிலான குழு விசாரணை நடத்தியது. வந்த எண்கள் எவ்வளவு தளர்வாகத் திரட்டப்பட்டவை என்று நாடு முழுக்கத் தெரிந்தது. மறு ஆண்டே, எண்ணுகிறவர்களைத் தணிக்கை செய்ய ஓர் அமைப்பு பிறந்தது. இன்றைக்கு மீடியா ரேட்டிங் கவுன்சில் என்று பெயர் கொண்டிருப்பது அதுதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவோம்.

நம் நாட்டில் 2015 முதல் தொலைக்காட்சி எண்களைத் தருவது பார்க் இந்தியா. 2020 அக்டோபரில், மீட்டர் வைத்த வீடுகளுக்குப் பணம் கொடுத்துச் சில சேனல்களை ஓடவிடச் சொன்னார்கள் என்று மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. செய்திச் சேனல்களின் ரேட்டிங் நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மறுபடி வெளிவந்தது. வழக்கைப் பின்னாளில் அரசுத் தரப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது. குற்றம் நடந்ததா என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை. மீட்டர் எந்த வீட்டில் இருக்கிறது என்பது ரகசியமாக இருக்கும்வரைதான் அந்த முறைக்கு உயிர் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இப்போது இணையத்துக்கு வருவோம்.

1994 அக்டோபர் 27. ஹாட்வயர்டு என்ற இணைய இதழ் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் சில நிறுவனங்களின் பட்டை விளம்பரங்கள் இடம்பெற்றன. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டைதான் அவற்றில் பெயர்பெற்றது. 468-க்கு 60 பிக்சல் அளவு. அதைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் க்ளிக் செய்தார்கள் என்று இன்றுவரை சொல்கிறார்கள். விளம்பர உலகம் துள்ளிக் குதித்தது. ஏன் குதிக்காது? பத்திரிகை விளம்பரத்தை யார் பார்த்தார் என்று தெரியாது. சுவர் விளம்பரத்தை யார் பார்த்தார் என்று தெரியாது. இங்கேயோ ஒவ்வொரு க்ளிக்கும் கணக்கில் ஏறுகிறது! இனி மாதிரி வீடுகள் வேண்டாம், தணிக்கையாளர் வேண்டாம், இயந்திரமே எண்ணிவிடும் என்று நம்பினார்கள். முப்பது ஆண்டுகளாக நமக்கு விற்கப்படும் வாக்குறுதி இதுதான்.

அந்த வாக்குறுதி என்னவாயிற்று?

முதலில் ஹிட் என்றார்கள். ஒரு தளத்துக்கு நாளைக்கு லட்சம் ஹிட் என்றால் லட்சம் பேர் வந்ததாக மக்கள் நினைத்தார்கள். ஆனால் சர்வர் எண்ணியது ஆட்களை அல்ல, கோப்புகளை. ஒரு பக்கத்தில் இருபது படம் இருந்தால், ஒருவர் ஒரு முறை திறந்தாலே இருபத்தொரு ஹிட். பக்கத்தில் படத்தைக் கூட்டினால் ஹிட்டும் கூடும். பிறகு பேஜ் வியூ வந்தது. உடனே புகைப்படத் தொகுப்பை ஒரு படத்துக்கு ஒரு பக்கமாக உடைத்தார்கள். நடிகையின் பதினைந்து படத்தைப் பார்க்கப் பதினைந்து தடவை 'அடுத்து' என்று அழுத்த வேண்டும். தமிழ்ச் செய்தித் தளங்களில் நீங்களும் அழுத்தியிருப்பீர்கள், நானும் அழுத்தியிருக்கிறேன். தானாகவே சில நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்ளும் பக்கங்களும் வந்தன. வாசகர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் எண் ஏறிக்கொண்டிருக்கும்.

அப்புறம், ஆளையே எண்ணுவோம் என்றார்கள். தனிப் பார்வையாளர், யூனிக் விசிட்டர். ஆளை இயந்திரம் எப்படி அடையாளம் காணும்? 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி என்ற இளம் பொறியாளர் குக்கியை உருவாக்கினார். தளம் உங்கள் பிரவுசரில் எழுதி வைக்கும் ஒரு சிறு குறிப்பு அது. அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, இவர் நேற்று வந்தவர் என்று தளம் தெரிந்துகொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் குக்கி அடையாளம் காண்பது பிரவுசரை, மனிதரை அல்ல. காலையில் கைப்பேசியிலும், பகலில் அலுவலகக் கணினியிலும், இரவில் வீட்டு லேப்டாப்பிலும் ஒரே செய்தியைத் தேடும் ஒருவர் மூன்று பேராகிவிடுவார். நம் வீடுகளில் ஒரே கைப்பேசியில் பாட்டி ராசிபலன் பார்க்கிறார், அம்மா சமையல் பார்க்கிறார், பையன் கிரிக்கெட் பார்க்கிறான். அந்த மூன்று பேரும் ஒரே ஆள். குக்கியை அழித்துவிட்டு வந்தால் பழைய வாசகர் புது வாசகர். 2007-இல் காம்ஸ்கோர் நிறுவனம் அமெரிக்காவில் பார்த்தது: ஏறத்தாழ 31 சதவீதக் கணினிப் பயனாளர்கள் ஒரு மாதத்துக்குள் குக்கிகளை அழிக்கிறார்கள். அதனால் தளங்களின் சொந்தக் கணக்கு, உண்மையான ஆட்களின் எண்ணிக்கையை இரண்டரை மடங்கு வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றது.

நேரத்தை எப்படி எண்ணினார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதிகம் வலித்த இடம் இது.

2005 நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசமாக வந்தது. உலகத்தில் கோடிக்கணக்கான தளங்கள் அதையே நம்பின. அதில் வாசகர் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது: முதல் பக்கத்தைத் திறந்த நேரம் ஒன்று, அடுத்த பக்கத்தைத் திறந்த நேரம் ஒன்று. இரண்டையும் கழித்தால் முதல் பக்கத்தில் இருந்த நேரம். சரி, அவர் அடுத்த பக்கம் போகவே இல்லை என்றால்? கழிக்க இரண்டாவது நேரம் இல்லை. அதனால் சுழியம்.

யோசித்துப் பாருங்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதைப் பற்றி ஒருவர் ஆறு மாதம் அலைந்து ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் ஒருவர் அதைத் திறக்கிறார். இருபது நிமிடம் வரி வரியாகப் படிக்கிறார். மனம் கனத்து, வேறெதையும் படிக்கத் தோன்றாமல் மூடிவிட்டு எழுந்து போகிறார். இயந்திரம் என்ன எழுதும்? சுழியம் நொடி. வந்த வேகத்தில் ஓடிப்போனவர் என்று கணக்கு வைக்கும். அதே தளத்தில் பதினைந்து படத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தவர் நல்ல வாசகர், ஈடுபாடுள்ள வாசகர். மாதக் கூட்டத்தில் அட்டவணையைத் திரையில் போட்டு, நீண்ட கட்டுரையை யாரும் படிப்பதில்லை என்று சொன்னால் அந்த எழுத்தாளர் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் கட்டுரை தோற்கவில்லை ஐயா, அளவுகோல் அந்த வாசகரைப் பார்க்கவே இல்லை! அந்தப் பழைய முறையை 2023 ஜூலையில் கூகுள் நிறுத்தியது. புதிய முறையில் பத்து நொடிக்கு மேல் பக்கம் கண்முன் இருந்தாலே ஈடுபாடு என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சுழியத்தைக் காட்டி எத்தனை பகுதிகளை மூடியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வாசகர் கணக்கு இப்படி. விளம்பரத்தின் கணக்கு?

நீங்கள் ஒரு செய்தியைத் தொடுகிறீர்கள். பக்கம் திறக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. இன்ன ஊரில், இன்ன வகைக் கைப்பேசியில், இன்னின்னதைத் தேடிய ஒருவர் வந்திருக்கிறார், அவர் கண்முன் ஓர் இடம் காலி, யார் என்ன விலை தருகிறீர்கள் என்று ஏலச் சந்தை கேட்கிறது. விளம்பரதாரர்களின் சார்பில் இயந்திரங்கள் விலை சொல்கின்றன. ஜெயித்த விளம்பரம் உங்கள் பக்கத்துக்கு வந்து இறங்குகிறது. அதோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படமும் வருகிறது. அந்தப் படத்தைக் கேட்டு உங்கள் பிரவுசர் சர்வரைத் தட்டியதும் கணக்கில் ஒன்று ஏறுகிறது. ஒரு இம்ப்ரெஷன். இதை ஆயிரம் ஆயிரமாகக் கட்டி விலை பேசுகிறார்கள்.

அந்த விளம்பரம் பக்கத்தின் அடியில் இருந்தது, நீங்கள் அவ்வளவு கீழே வரவே இல்லை. ஆனாலும் ஒன்று. பக்கம் முழுதாகத் திறக்கும் முன்பே திரும்பிவிட்டீர்கள். பல நேரம் அதுவும் ஒன்று. இந்த அநியாயம் நெடுநாள் நடந்த பிறகு, 2014-இல் முன்னே சொன்ன மீடியா ரேட்டிங் கவுன்சில் தலையிட்டு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. பட விளம்பரமென்றால் அதன் பரப்பில் பாதியாவது தொடர்ந்து ஒரு நொடி திரையில் தெரிந்திருக்க வேண்டும். வீடியோவென்றால் பாதி, இரண்டு நொடி. அப்போதுதான் அது பார்க்கத்தக்கது.

பாதி விளம்பரம், ஒரு நொடி! வரையறை போட்ட பிறகும் வாசல் இவ்வளவு தாழ்வு. அந்தத் தாழ்ந்த வாசலையாவது தாண்டியதா? அதே ஆண்டு டிசம்பரில் கூகுளே ஓர் ஆய்வை வெளியிட்டது. தன் விளம்பரத் தளங்களில் போன பட விளம்பரங்களில் 56.1 சதவீதம் அந்த ஒரு நொடிக்குக் கூடத் திரையில் தெரியவில்லை. நூறு ரூபாயில் ஐம்பத்தாறு ரூபாய், யார் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் ஒட்டிய சுவரொட்டிக்குப் போனது.

இனிதான் என் கேள்வி கூர்மையாகிறது. எண்ணியது யார்?

2016 செப்டம்பர். ஃபேஸ்புக் தன் விளம்பரதாரர்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டது. வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று சொல்லிவந்த எண், சுமார் இரண்டு ஆண்டுகளாகக் கூடுதலாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. எப்படிக் கூடியது? ஒரு சிறு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் திரையில் ஒரு வீடியோ ஓடுகிறது. நாற்பது பேர் இரண்டே நொடியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அறுபது பேர் பன்னிரண்டு நொடி பார்க்கிறார்கள். மொத்தம் எத்தனை நொடி? எண்பதும் எழுநூற்றிருபதும், ஆக எண்ணூறு. நூறு பேரால் வகுத்தால் சராசரி எட்டு நொடி. ஃபேஸ்புக் என்ன செய்தது? மூன்று நொடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வகுக்கும் எண்ணாக வைத்துக்கொண்டது. எண்ணூறை அறுபதால் வகுத்தார்கள். எட்டு நொடி பதின்மூன்று நொடியாகிவிட்டது. மேலே எல்லோருடைய நேரமும், கீழே நின்று பார்த்தவர் தலை மட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை திருத்தியிருக்கக்கூடிய கணக்கு.

வெளியாள் யாரும் அந்த வகுத்தலைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடிந்திருந்தால் இரண்டு ஆண்டு ஓடியிருக்குமா? விளம்பரதாரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2019-இல் தவறை ஏற்காமலே 4 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது அந்த நிறுவனம். அந்த ஆண்டுகளில் அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் பல, வீடியோதான் எதிர்காலம் என்று எழுத்தாளர்களை வெளியே அனுப்பிவிட்டு கேமராக்காரர்களைச் சேர்த்தன. எம்டிவி நியூஸ், மிக், வோகேடிவ் என்று 2017-இல் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தார்கள். அந்த ஓர் எண்ணே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலை போனவர்களில் பலர் அந்த எண்ணை மறக்கவில்லை.

அது தவறான வகுத்தல். இனிச் சொல்லப்போவது திட்டமிட்ட திருட்டு.

2016 டிசம்பரில் வைட் ஆப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. மெத்பாட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஜுகோவும் கூட்டாளிகளும் டல்லாஸ் முதலிய இடங்களில் சர்வர்களை வாடகைக்கு எடுத்தார்கள். லட்சக்கணக்கான இணைய முகவரிகளை, அமெரிக்க வீடுகளின் இணைப்புகளைப் போலப் பதிவுசெய்துகொண்டார்கள். பெரிய பத்திரிகைகள், தொலைக்காட்சிகள் உட்பட ஆயிரக்கணக்கான தளங்களின் பெயரில் போலிப் பக்கங்கள் உருவாயின. அந்தப் பக்கத்தில் செய்தி இல்லை, படம் இல்லை. விளம்பரத்துக்கு மட்டும் ஓர் இடம். அதைப் பார்க்க மனிதர் இல்லை, நிரல்தான் பார்த்தது. எப்படிப் பார்த்தது தெரியுமா? மவுஸை நகர்த்தியது. பக்கத்தைக் கீழே உருட்டியது. வீடியோவை நடுவில் நிறுத்தி, மறுபடி ஓட்டியது. ஃபேஸ்புக்கில் உள்நுழைந்த ஆள் போலக் காட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்கு எழுந்து போகாத, களைக்காத, முணுமுணுக்காத வாசகர் கூட்டம்! இம்ப்ரெஷன் ஏறியது. ஒரு நொடி, இரண்டு நொடி வரையறையையும் அந்தக் கூட்டம் ஒழுங்காகத் தாண்டியது.

ஜுகோவ் 2018-இல் பல்கேரியாவில் பிடிபட்டார். நியூயார்க்கில் விசாரணை நடந்தது. 2021 நவம்பரில் பத்து ஆண்டு சிறை. இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், என் கேள்வியை எனக்குப் பிடித்தவர்களிடமும் கேட்க வேண்டும் அல்லவா? மோசடியைக் கண்டுபிடித்த நிறுவனம், நாளொன்றுக்கு 30 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை திருட்டுப் போனதாக மதிப்பிட்டது. அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் இவர்மேல் வைத்த மொத்தத் தொகையோ 70 லட்சம் டாலர் அளவில் நின்றது. திருடனைப் பிடிக்கும் கருவியை விற்கிறவர் திருட்டை அளக்கும்போதும், எண்ணியது யார் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தத் திருட்டில் விளம்பரதாரருக்கு மட்டுமா நஷ்டம்? 2017-இல் லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் ஒரு சோதனை செய்தது. தாங்கள் விற்கவே விற்காத ஏலச் சந்தைகளில் தங்கள் பெயரில் விளம்பர இடம் விற்பனைக்குக் கிடக்கிறதா என்று தேடினார்கள். கிடந்தது. மாதத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு அளவில் அந்தப் பெயரை விற்றுக் கொண்டிருந்திருக்கிறார்கள் என்று கணித்தார்கள். செய்தி சேகரிக்கச் செலவு செய்தவர் ஒருவர், பெயரை விற்றுக் காசு பார்த்தவர் வேறொருவர். அந்த ஆண்டுதான் ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற ஏற்பாடும் வந்தது. தளத்துக்காரர் தன் தளத்திலேயே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை வைக்கிறார். என் இடத்தை விற்க உரிமை பெற்றவர்கள் இன்னார் இன்னார் என்று அதில் பட்டியல். வாங்குகிறவர் அதைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். இணைய இதழ் நடத்தும் நண்பர்களே, உங்கள் தளத்தில் அந்தக் கோப்பு இருக்கிறதா? இருந்தால் கடைசியாக எப்போது திறந்து படித்தீர்கள்? யாரோ அனுப்பிய வரிகளை அப்படியே ஒட்டி வைத்திருந்தால், உங்கள் பெயரில் விற்கிறவர் யாரென்று உங்களுக்கே தெரியாது.

இப்போது இந்தச் சந்தையை மேலிருந்து பாருங்கள். 2008-இல் கூகுள் 310 கோடி டாலர் கொடுத்து டபுள்கிளிக் நிறுவனத்தை வாங்கி முடித்தது. தளங்கள் தங்கள் விளம்பர இடத்தை நிர்வகிக்கும் கருவி கூகுளுடையது. இரு தரப்பும் சந்திக்கும் ஏலச் சந்தை அதனுடையது. விளம்பரதாரர் வாங்கப் பயன்படுத்தும் கருவியிலும் அதற்குப் பெரிய பங்கு. வாசகரை எண்ணும் அனலிட்டிக்ஸும் அதனுடையது. விற்கும் கை, வாங்கும் கை, ஏலம் கூறும் வாய், எண்ணும் கண் எல்லாம் ஒரே உடம்பில். 2025 ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பளித்தார்: தளங்களுக்கான விளம்பர சர்வர், ஏலச் சந்தை ஆகிய இரண்டிலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று.

தனியுரிமை பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டும். தளம் தளமாகப் பின்தொடர்ந்து வரும் மூன்றாம் தரப்புக் குக்கியை சஃபாரி 2017 முதலே கட்டுப்படுத்தியது. ஃபயர்பாக்ஸும் தடுத்தது. ஐரோப்பாவில் 2018 மே மாதம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐஃபோனில் 2021 முதல் செயலிகள் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும். நம் நாட்டிலும் 2023-இல் சட்டம் நிறைவேறியது. குரோமில் அந்த மூன்றாம் தரப்புக் குக்கியை எடுத்துவிடுவோம் என்று 2020-இல் அறிவித்த கூகுள், தேதியைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. வாசகரை வேவு பார்ப்பதை நிறுத்த வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. வெளியே குக்கி மறைய மறைய, மக்கள் பெயரும் எண்ணும் கொடுத்து உள்நுழையும் பெரிய மேடைகளுக்கு மட்டும் ஆள் அடையாளம் மிஞ்சுகிறது. அந்த மேடைகள் தங்கள் கணக்கைத் தாங்களே எண்ணித் தாங்களே சொல்கின்றன. 1914-க்கு முந்தைய பத்திரிகை முதலாளியின் நிலைக்கு நாம் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். பெரிய நிறுவனங்களால் எதிர்த்துக் கேட்க முடிந்தது. 2017 ஜனவரியில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் மார்க் பிரிட்சர்ட், விளம்பரத் துறையினர் கூடிய மேடையிலேயே எழுந்து, வெளியார் தணிக்கை செய்யாத எண்ணுக்கு இனிப் பணம் தரமாட்டோம் என்று கெடு வைத்தார். அந்த ஆண்டில் அவர்கள் டிஜிட்டல் விளம்பரச் செலவில் 20 கோடி டாலர் வரை வெட்டினார்கள். அவ்வளவு பணம் கையில் இருப்பவருக்கு மேடைகள் பதில் சொல்லும். ஈரோட்டு ஜவுளிக்கடைக்கு யார் பதில் சொல்வார்கள்?

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை எனக்குக் காட்டியது இணைய விற்பனைத் தளமான ஈபே. 2012-இல் அந்த நிறுவனத்தின் பொருளாதார அறிஞர்கள், ஸ்டீவ் டடெலிஸ் முதலியோர், ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். தேடுபொறியில் ஒருவர் 'ஈபே' என்று தேடினால் மேலே ஈபேயின் விளம்பரம் வரும், க்ளிக் செய்தால் ஈபே பணம் கட்டும். அறிக்கையில் இந்த விளம்பரம்தான் பிரமாதமாக வேலை செய்வதாகத் தெரிந்தது. சரி, நிறுத்திப் பார்ப்போம் என்றார்கள். யாஹூவிலும் பிங்கிலும் நிறுத்தினார்கள். என்ன ஆனது? விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர், அதற்குக் கீழே இருந்த இலவச இணைப்பைத் தொட்டு வந்து சேர்ந்தார்கள். ஈபேயைத் தேடி வருகிறவருக்காக, கதவருகே நின்று தேடுபொறிகள் ஈபேயிடமே சுங்கம் வசூலித்திருக்கின்றன. பிறகு பிற சொற்களுக்கான கூகுள் விளம்பரங்களையும் அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தி, மற்றப் பகுதிகளில் ஓடவிட்டு, இரண்டு இடத்து விற்பனையையும் ஒப்பிட்டார்கள். அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளரிடம் அந்த விளம்பரம் ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை. ஈபேயைப் பற்றி அதிகம் தெரியாத புதியவர்களிடம் பலன் இருந்தது. அந்த ஆய்வு 2015-இல் எகனாமெட்ரிகா இதழில் வெளியானது.

கவனித்தீர்களா? அவர்கள் இம்ப்ரெஷனை எண்ணவில்லை. க்ளிக்கை எண்ணவில்லை. தங்கள் கல்லாவைத் தாங்களே எண்ணினார்கள். விற்பவர் நீட்டிய அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, வாங்குகிறவர் தன் அளவுகோலைத் தன் கையில் எடுத்தார்.

இதற்குப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. ஈரோட்டிலும் கரூரிலும் கிளை வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரர், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் ஈரோட்டுக்கு மட்டும் இணைய விளம்பரத்தை ஓட்டட்டும். கரூரில் நிறுத்தட்டும். இரண்டு கடையின் பில் புத்தகத்தையும், போன தீபாவளியின் அதே மூன்று வாரப் பில்லையும் மேசையில் விரித்து வைக்கட்டும். ஓர் ஆண்டில் முழு உண்மையும் தெரிந்துவிடாது. மழை பெய்தால் கணக்கு மாறும், பக்கத்தில் புதுக் கடை திறந்தால் மாறும். அடுத்த பொங்கலுக்கு ஊரை மாற்றி, கரூரில் ஓட்டி ஈரோட்டில் நிறுத்திப் பார்க்கட்டும். ஏஜென்சிக்காரர் ஐந்து லட்சம் இம்ப்ரெஷன் என்று அறிக்கை கொண்டுவரும்போது, அதன் பக்கத்தில் வைக்க அவரிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருக்கும்.

இணைய இதழ் நடத்தும் நண்பர்களிடம் இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சர்வர் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது. எந்த முகவரி, எந்த நேரம், எந்தப் பக்கம், எந்த பிரவுசர் என்று வரிசையாக இருக்கும். அது உங்கள் சொத்து, யாரிடமும் கேட்க வேண்டாம். ஒரு நாளின் பதிவேட்டை எடுத்து, தேடுபொறிகளின் இயந்திரங்களைக் கழியுங்கள். நள்ளிரவு மூன்று மணிக்கு ஒரே முகவரியிலிருந்து நொடிக்கொரு பக்கம் திறப்பவரைக் கழியுங்கள். தரவு மையங்களிலிருந்து வருபவரைக் கழியுங்கள். மிஞ்சுவது நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறிய எண்ணாக இருக்கலாம். அந்த எண்ணோடு ஜவுளிக்கடைக்காரரிடம் போங்கள். எப்படி எண்ணினீர்கள் என்று அவர் கேட்டால், பதிவேட்டைத் திறந்து அவர் முன்னாலேயே எண்ணிக் காட்டுங்கள்.